கிருமி வந்த வழி

இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் ரோசி என்னும் மகப்பேற்று மருத்துவமனை உள்ளது. 2011 ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவு ஒரு புதிரை எதிர்கொண்டது. ஆறு மாத காலத்திற்குள் அப்பிரிவில் இருந்த குழந்தைகளுள் 12 பேரின் உடலில், மருந்துக்கு அடங்காத ஒருவகைக் கிருமி குடியேறியிருப்பது சோதனைகளில் தெரிய வந்தது. பன்னிரண்டு குழந்தைகளும் ஒரே நாளில் அங்கே இருந்தவை அல்ல. ஒரு குழந்தையிடம் கிருமி காணப்படும். அது வீடு திரும்பிவிடும். சில வாரங்கள் அமைதியாகக் கழியும். பின்னர் வேறொரு குழந்தையிடம் அதே வகைக் கிருமி தலைகாட்டும். இவை தனித்தனியே நேர்ந்த நிகழ்ச்சிகளா, அன்றி ஒரே நூலில் கோத்த மணிகளா?

வெறும் அறிவு வேட்கையால் எழுந்த கேள்வியன்று இது. தனித்தனி நிகழ்ச்சிகள் எனில், ஒவ்வொரு குழந்தையும் அக்கிருமியை வெளியிலிருந்து பெற்று வந்தது என்று பொருள். அக்குழந்தையைப் பிரித்து வைத்து மருத்துவம் செய்தால் போதும். ஒரே நூல் எனில், அந்த அறையிலோ அதன் அருகிலோ கிருமியின் ஊற்றுக்கண் ஒன்று திறந்து கிடக்கிறது. அதனைக் கண்டு அடைக்காதவரை, நாளை பிறக்கவிருக்கும் குழந்தைக்கும் அதே ஆபத்து காத்திருக்கிறது.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இக்கிருமியால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. குறைமாதக் குழந்தையின் நிலை வேறு. நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தாய் தன் இரத்தத்தின் வழியே சிசுவுக்கு வழங்குவது பெரும்பாலும் கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட சிசு அச்சீதனத்தைப் பெறாமலே உலகிற்கு வந்து விடுகிறது. அதன் தோலோ வெங்காயச் சருகு போன்றது. மூச்சுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய், மருந்துக்கு ஒரு குழாய் என்று அதன் உயிரைக் காக்கச் செருகிய ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல் ஆகின்றது. ஒரே நாளில் எத்தனையோ முறை அதனைத் தொட்டாக வேண்டும். தொடாமல் அதனைப் பேண முடியாது.

கேம்பிரிட்ஜில் காணப்பட்ட கிருமியின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது நமக்கு அந்நியமானதன்று. நலமாக நடமாடும் மனிதருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மூக்கினுள் இது குடியிருக்கின்றது. வீட்டுக்காரருக்கு எத்தொல்லையும் தராத குடித்தனக்காரன் போல இருந்துவிட்டு, புண்ணிலோ இரத்தத்திலோ புகுந்துவிட்டால் கட்டிகளையும் இரத்தம் நஞ்சாதலையும் விளைவிக்கும். பென்சிலினுக்கு அடங்க மறுத்த இவ்வினத்தை அடக்க 1959 இல் மெத்திசிலின் என்னும் மருந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961 இல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அவ்வகையினை எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சுருக்கி அழைக்கின்றனர். ரோசியின் சிசுக்களிடம் காணப்பட்டது அதுவே.

மருத்துவமனையின் நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவினர் தமக்குத் தெரிந்த முறைகளையெல்லாம் கையாண்டனர். எந்தக் குழந்தை எந்நாளில் எந்தக் கட்டிலில் கிடந்தது, ஒருவரோடொருவர் ஒரே காலத்தில் இருந்தவர் யார், கிருமி எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பட்டியல் எடுத்தனர். தொடர்பு உண்டு என்ற ஐயம் எழுந்தது. உறுதி செய்யத்தான் முடியவில்லை. கிருமியே காணப்படாத நாட்கள் இடையிடையே குறுக்கிட்டன. அறுந்த நூலின் இரு நுனிகளையும் சேர்த்துக் காட்டப் பழைய முறைகளுக்கு வல்லமை போதவில்லை.

கிருமியின் காலடியைத் தேடிச் செல்லும் இத்துறை புதிதன்று. 1953 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவமனைகளில், பிறந்த குழந்தைகள் இருந்த அறைகளில் இதே இனக் கிருமி கொடிய வடிவில் பரவியது. ஃபிலிஸ் ரவுண்ட்ரீ என்னும் பெண் விஞ்ஞானி அதனை ஆராய்ந்தார். கிருமிகளையும் தின்று அழிக்கும் வைரஸ்கள் உண்டு. ஒரு வைரஸ் ஒருவகைக் கிருமியை அழிக்கும். வேறொரு வகையை விட்டுவிடும். எந்த வைரஸுக்கு எந்தக் கிருமி பலியாகிறது என்று பார்த்து அவற்றை வகைப்படுத்தி எண்ணிட்டனர். சிட்னியின் கிருமிக்கு 80 என்ற எண் கிடைத்தது. கனடாவில் 81 என்று எண்ணிட்டதும் இதுவே எனப் பின்னர் தெரிந்தமையால் 80/81 என்றே அது பெயர் பெற்றது. பென்சிலினுக்கு அடங்காத அக்கிருமி பல நாடுகளின் மகப்பேற்று மனைகளில் சிசுக்களையும், பாலூட்டிய தாய்மாரையும், செவிலியரையும் வருத்தியது.

அக்காலத்தில் கிருமி காற்றில் மிதந்து வருகிறதா, கையால் வருகிறதா என்ற வாதம் பலமாக நடந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மார்ட்டிமர் என்பாரும் அவர்தம் குழுவினரும் செய்து 1962 இல் வெளியிட்ட ஆய்வு அவ்வாதத்திற்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. கிருமியுடைய குழந்தையைத் தொட்டபின் கைகழுவாத செவிலியர் கவனித்த சிசுக்களுக்கு அது விரைவாகவும் மிகுதியாகவும் பற்றியது. கழுவிய கைகளில் வளர்ந்த சிசுக்கள் பெரிதும் தப்பின. இத்தகைய சோதனையை இன்று எவரும் செய்யத் துணியார், துணியவும் கூடாது. அது தந்த விடை மட்டும் இன்றளவும் நிற்கின்றது.

ஆயினும் 80 என்றோ 81 என்றோ எண்ணிடுவது, ஒருவரது ஊரின் பெயரை அறிவது போன்றதே. ஒரே ஊரார் இருவர் உடன்பிறந்தோராய் இருக்கலாம். முன்பின் அறியாதவராயும் இருக்கலாம். அதற்கு மேல் அறிய, கிருமியின் உள்ளேயே எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும்.

இதனை விளக்க நம் தமிழ் மரபிலேயே நல்லதோர் உவமை இருக்கின்றது. அச்சு வருமுன் நம் நூல்கள் பனையோலையில் வாழ்ந்தன. ஓலை செல்லரித்துப் போகுமுன் ஒருவர் அதனைப் பார்த்துப் படியெடுப்பார். படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறிவிடும். அப்படியைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது பழைய பிழையோடு புதுப்பிழையும் சேரும். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் ஊர் ஊராய்த் தேடிய ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார் அல்லவா? இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருந்தால், அவை ஒரே மூல ஏட்டினின்று பிறந்தவை என்று கொள்ளலாம். பிழை கூடக் கூட, மூலத்தினின்று தொலைவும் கூடும். குருமடத்தில் விவிலியக் கையெழுத்துப் படிகளைப் பற்றிப் பயின்றபோது நாம் கற்றதும் இந்தக் கணக்கே.

கிருமியும் தன்னைத் தானே படியெடுத்துப் பெருகும் ஏடுதான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் மரபு ஏட்டில் ஏறத்தாழ 28 இலட்சம் எழுத்துகள் உள்ளன. நான்கே எழுத்துகள், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிறழும். ஆண்டுக்குச் சில எழுத்துகள் அளவிலேதான் இப்பிறழ்ச்சி சேர்கின்றது. இரு குழந்தைகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் ஓரிரண்டு எழுத்து வேற்றுமையே இருந்தால், அவை அண்மையில்தான் பிரிந்தவை. பல நூறு எழுத்துகள் வேறுபட்டால், அவற்றின் பொதுப் பாட்டன் பல்லாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். இவ்விரு குழந்தைகளுக்கிடையே நேர்த்தொற்று இல்லை. முழு ஏட்டையும் எழுத்தெழுத்தாக வாசிப்பது முற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. 2011 அளவில் அது ஓரிரு நாட்களில் முடியும் வேலையாகச் சுருங்கியிருந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் பீகாக், வெல்கம் டிரஸ்ட் சேங்கர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூலியன் பார்க்ஹில் ஆகியோரின் குழுவினர் இப்பணியை மேற்கொண்டனர். சிறப்புப் பிரிவின் குழந்தைகளிடம் எடுத்தவை மட்டுமன்றி, மருத்துவமனையின் பிற பகுதிகளிலும் ஊரிலும் இருந்தவர்களிடம் கிடைத்த, அதே மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளின் ஏடுகளையும் வாசித்தனர். வெளிப்பட்ட உண்மை எதிர்பார்த்ததினும் பெரிது. தொடர்புடையவர்கள் 12 பேர் அல்லர்; 26 பேர். சிறப்புப் பிரிவுக்குள் குழந்தைக்குக் குழந்தை கிருமி கடந்திருந்தது. பேறுகாலத்திற்குப் பின் தாய்மார் தங்கும் வார்டில் தாய்க்குத் தாய் கடந்திருந்தது. அங்கிருந்து வீடுகளுக்கும் சென்றிருந்தது. மருத்துவமனைக் கிருமி, ஊர்க்கிருமி என்று நாம் கிழிக்கும் கோடு கிருமிக்குத் தெரியவில்லை.

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருக்கையிலேயே மற்றொன்று நிகழ்ந்தது. சிறப்புப் பிரிவை முழுவதும் கழுவித் துப்புரவு செய்திருந்தனர். கிருமியுடைய கடைசிக் குழந்தை வெளியேறி 64 நாட்கள் கழிந்துவிட்டன. இனி அச்சமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், புதிதாக ஒரு குழந்தையிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டது. உடனே அதன் ஏட்டை வாசித்தனர். அதே குடும்பம்! 64 நாட்கள் அக்கிருமி எங்கே ஒளிந்திருந்தது? சுவரும் தரையும் கட்டிலும் கழுவப்பட்டுவிட்டன. எஞ்சியவர்கள் மனிதர்களே.

பணியாளர் 154 பேரைச் சோதித்தனர். அவர்களுள் ஒருவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது. அதுவும் தற்செயலாய் வந்த வேறொரு கிளையாக இருக்கலாமே என்று ஐயுற்று, அந்த ஒருவரிடமிருந்தே 20 கிருமித் திரள்களைத் தனித்தனியே எடுத்து வாசித்தனர். அவை தமக்குள்ளேயே சிற்சில எழுத்துகளால் வேறுபட்டன. குழந்தைகளிடம் கண்ட கிருமிகளோடும் உறவு காட்டின. அதாவது, ஒரே வீட்டில் நெடுநாள் தங்கிப் பல படிகளாகப் பெருகிய ஏடு அது. நோய் இல்லாத இடைக்காலங்களைத் தாண்டி அக்கிருமி உயிர் பிழைத்து வந்த பாலம் அதுவே என்று தெளிவாயிற்று. அப்பணியாளருக்குக் கிருமி நீக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆய்வு முடிவுகள் 2012 நவம்பரில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியாயின.

அந்தப் பணியாளர் யார்? ஆணா, பெண்ணா? மருத்துவரா, செவிலியரா? ஆய்வேட்டில் பெயர் இல்லை. இச்செய்தியிலேயே நம் மனத்தை மிகுதியும் கவர்ந்தது இதுதான். அவர் உடல்நலத்தோடு இருந்தவர். தம்மிடம் அக்கிருமி இருப்பதை அறியாதவர். அவர் வேண்டுமென்று செய்தது ஒன்றுமில்லை. அவரைக் கண்டுபிடித்தது அவரைத் தண்டிப்பதற்கன்று. சங்கிலியின் கண்ணி ஒன்றைக் கழற்றுவதற்கு. பெயர் வெளிவரும், வேலை போகும், ஊர் தூற்றும் என்ற அச்சம் இருந்திருப்பின், 154 பேரில் எத்தனை பேர் சோதனைக்கு மனமுவந்து உடன்பட்டிருப்பர்?

நம் குடும்பங்களில் நடப்பது என்ன என்பதையும் சற்று எண்ணிப் பார்ப்போம். பிறந்து பத்து நாட்களே ஆன சிசுவின் சிறு பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லும் வேளைகளில், பங்குக் குருக்களாகிய நம் காதில் விழும் பேச்சு வருத்தத்திற்குரியது. “இவள் ராசி அப்படி” என்று தாயைச் சுட்டுவோர் உண்டு. கர்ப்ப காலத்தில் அவள் எதைத் தின்றாள், எங்கே போனாள் என்று கணக்குக் கேட்போர் உண்டு. பாலிலேயே குறை என்பார் ஒருவர். மறுபக்கம், மருத்துவமனையின் கண்ணாடிகளை உடைத்து, இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரை அடிக்கக் கை ஓங்குவோரும் உளர். இவை எவையும் விசாரணை ஆகா. பெற்றவள் வாழ்நாளெல்லாம் சுமக்கும் பழியை ஒரு கிருமிச் சோதனையின் முடிவு இறக்கி வைத்திருக்கக்கூடும். அதனைக் கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருக்கு உண்டு. குழந்தையின் இரத்தத்தில் எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்து அதற்குப் பொருந்தவில்லை என்று மருத்துவரிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்கலாம்.

தாய்ப்பால் மீது பழி விழுந்து, பின்னர் அப்பழி நீங்கிய நிகழ்ச்சி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உண்டு. 2019 இல் டான்வில் நகரின் கெய்சிங்கர் மருத்துவமனையில் குறைமாதச் சிசுக்கள் 8 பேரை சூடோமோனாஸ் என்னும் கிருமி பற்றியது, மூவர் இறந்தனர். தேடிப் பார்த்ததில் கிருமி பாலில் இல்லை. கொடையாளர் தந்த தாய்ப்பாலை அளந்து கலக்கும் கருவியில் இருந்தது. அக்கருவிகளைக் கைவிட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலங்களுக்கு மாறினர்.

சூடோமோனாஸ் ஈரத்தை நாடும் கிருமி. அதன் வழியைத் தேடியவர்கள் அடைந்த இடங்கள் வியப்புக்குரியவை. வட அயர்லாந்தில் 2011 டிசம்பரில் ஆல்ட்நகெல்வின் மருத்துவமனையில் ஒரு சிசுவும், 2012 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் ஜூபிலி மகப்பேற்று மருத்துவமனையில் மூன்று சிசுக்களும் இக்கிருமியால் இறந்தன. தனி ஆணையம் ஒன்று அமைத்து விசாரித்தனர். பெல்ஃபாஸ்டில் கிருமி இருந்த இடம், கைகழுவும் தொட்டியின் குழாய்! தூய்மைக்கென்றே நிறுவிய குழாயின் வாய்ப்பகுதியில், சிக்கலான உட்பாகங்களின் இடுக்கில், கிருமி வழவழப்பான படலமாய்ப் படிந்து வளர்ந்திருந்தது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் விரலில் ஒட்டும் வழுக்கல் போன்றதே அது. குழாய்களைக் கழற்றி எறிந்து புதியன பொருத்தினர். அத்தகைய சிசுக்களைத் துடைப்பதற்கும் கழுவுவதற்கும் குழாய் நீர் வேண்டாம், கிருமி நீக்கிய நீரே வேண்டும் என்று அந்நாட்டில் கட்டளை பிறந்தது.

அதற்கும் முன்னர், 1997 தொடங்கி 1998 வரை பதினைந்து மாதங்கள், அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரச் சிசு மருத்துவப் பிரிவு ஒன்றில் 46 குழந்தைகளிடம் இதே கிருமி காணப்பட்டது. அவர்களுள் 16 பேர் இறந்தனர். அங்கே ஆராய்ந்தவர்களின் பார்வை இரு செவிலியரின் நகங்களில் போய் நின்றது. ஒருவர் தம் சொந்த நகத்தை நீள வளர்த்தவர். மற்றவர் செயற்கை நகம் ஒட்டியவர். நகத்தடியில் தங்கும் கிருமியைச் சாதாரணக் கழுவல் நீக்குவது கடினம். எனினும், அவர்கள் கையிலிருந்து குழந்தைக்குச் சென்றதா, குழந்தையிடமிருந்து அவர்கள் கைக்கு வந்ததா என்பதை அவ்வாய்வு நிலைநாட்டவில்லை. நகங்களுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்றளவிலேயே நேர்மையோடு நிறுத்திக்கொண்டது. ஐயமே போதுமென்று 2002 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மிக நலிந்த நோயாளரைக் கவனிப்போர் செயற்கை நகம் அணியலாகாது, இயற்கை நகத்தையும் கால் அங்குலத்துக்குள் வெட்ட வேண்டும் என்று நெறி வகுத்தது. நிரூபணம் வரும் வரை சிசுக்கள் காத்திருக்க முடியாதல்லவா?

கேம்பிரிட்ஜிலும் பெல்ஃபாஸ்டிலும் ஒரு கிருமி, ஓர் ஊற்று, ஒரு சங்கிலி. தேடினால் கிடைத்தது, அடைத்தால் நின்றது. நம் நாட்டின் நிலைமை அவ்வளவு எளியதன்று. 2011 முதல் 2014 வரை தில்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை பெற்ற 13,530 பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்தனர். 2016 இல் வெளியான அவ்வாய்வின்படி நூற்றுக்கு 14 குழந்தைகளுக்கு மேல் இரத்தத் தொற்று நோய்க்கு ஆளாயின. இறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்நோயின் பாற்பட்டது. நோய் கொடுத்த கிருமிகளுள் அசினிட்டோபாக்டர் முதலிடம் பெற்றது. அதில் நூற்றுக்கு 82 பலவகை மருந்துகளுக்கும் அடங்காதவை. கிளெப்சியெல்லாவில் நூற்றுக்கு 54, ஈ.கோலியில் 38.

இவற்றினும் நம்மைத் திடுக்கிட வைப்பது வேறொன்று. அத்தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, பிறந்து 72 மணி நேரத்திற்குள்ளேயே வந்தவை. அவ்வளவு விரைவில் வரும் தொற்றைத் தாயின் வயிற்றிலிருந்து வந்தது என்றே பாடநூல்கள் கூறி வந்தன. தில்லியில் முதல் மூன்று நாட்களில் கண்ட கிருமிகளும், பின்னர்க் கண்ட கிருமிகளும் ஒரே கலவையாகவே இருந்தன. ஆகவே, குழந்தை பிறக்கும் அறையிலேயே, பிறந்த முதல் மணித்துளிகளிலேயே மருத்துவமனைக் கிருமி அதனைச் சென்று பற்றுகின்றதோ என்ற ஐயம் எழுகின்றது. மறுபடியும் தாய் மீது விழுந்த பழி சற்றே விலகுகின்றது.

இங்கே ஒரேயொரு பணியாளரையோ ஒரேயொரு குழாயையோ தேடிப் பயனில்லை. ஒரு கட்டிலில் இரு சிசுக்கள், ஒரு செவிலியருக்குப் பத்துப் பன்னிரண்டு சிசுக்கள் என்று இருக்கும் இடத்தில், கைகழுவுக என்று சுவரில் எழுதி வைப்பது எளிது. ஒவ்வொரு தொடுதலுக்கும் இடையே கழுவ நேரம் எங்கே? செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டாமல் செவிலியரைக் குறை கூறுவது நமக்கு நீதியாகப் படவில்லை.

மருந்தின் நிலையும் கவலைக்குரியது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 இல் நோபெல் பரிசு பெற்ற உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வோர் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவர் என்று எச்சரித்தார். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி, சற்றுக் குணமானதும் மீதியை அலமாரியில் போடும் பழக்கம் நம்மில் எத்தனை வீடுகளில் உண்டு! அங்கே பழகிய கிருமியே சுற்றிச் சுற்றிச் சிசுவின் பெட்டிக்கும் வந்து சேர்கின்றது.

நல்ல செய்தியும் இல்லாமற் போகவில்லை. 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், ஒரே பெட்டியில் பல சிசுக்களைக் கிடத்த வேண்டிய நெருக்கடியிலே, எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் அவற்றைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கத் தொடங்கினார். கங்காருத் தாய்மை என்று பெயர் பெற்ற அம்முறையை, பிறந்த உடனேயே தொடங்கினால் என்னவாகும் என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் சோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7 சிசுக்கள் இறக்க, உடனே தாயோடு சேர்த்தவற்றில் 12 மட்டுமே இறந்தன. இரத்தத் தொற்று என்று ஐயுற்ற நிகழ்ச்சிகளும் குறைந்தன. தாயின் உடலிலுள்ள தீங்கற்ற கிருமிகள் முந்திக்கொண்டு சிசுவின் தோலில் குடியேறுவதும், பல கைகள் தொடுவது குறைவதும் காரணமாகலாம் என்பர். நம் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் இச்சோதனையில் பங்கு கொண்டது. ஆகவே மருத்துவர் தாயை உள்ளே அழைத்து அவள் மார்பில் சிசுவைக் கிடத்தினால், “பிள்ளைபெற்றவளுக்கு ஓய்வு வேண்டாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்காதிருப்பார்களாக. தாய் உள்ளே செல்லட்டும். மாமன், அத்தை, பெரியம்மா, அண்டைவீட்டார் ஆகியோர் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தையை முத்தமிடும் ஆசை சில வாரங்கள் காத்திருக்கும். குழந்தை யார் போல வளர வேண்டுமென்று விரும்பி அவர் கையால் சேனை வைக்கும் வழக்கத்தையும் குறைமாதச் சிசுவிடம் அறவே விலக்க வேண்டும்.

குருக்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. சாவாபத்தில் இருக்கும் சிசுவுக்குக் காலந்தாழ்த்தாது திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவசர வேளையில் குரு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தக்க கருத்தோடு செவிலியரோ தந்தையோ வேறு எவருமோ அளிக்கலாம். அவ்வேளையில் நீர் மந்திரித்த நீராய் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இயல்பான நீராய் இருந்தால் போதும். கோவில் வாசல் தொட்டியில் பலர் விரல் நனைத்த தீர்த்தத்தையும், வேளாங்கண்ணியிலிருந்து குப்பியில் கொணர்ந்து மாதக்கணக்கில் வைத்திருந்த தீர்த்தத்தையும், எண்ணெயையும் பக்தி மிகுதியால் சிசுவின் பெட்டிக்குள் கொண்டு செல்வோர் உண்டு. அது வேண்டாம். கிருமி நீக்கிய நீர் அப்பிரிவிலேயே சிறு குப்பிகளில் இருக்கும். செவிலியரைக் கேட்டால் அவரே எடுத்துத் தருவார். அதுவும் இறைவன் படைத்த நீரே. தலையில் சிறிதளவு வழிந்தோடுமாறு ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரைச் சொன்னால் திருமுழுக்கு முழுமை பெறும்.

உள்ளே செல்லுமுன் குருவும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, செவிலியர் காட்டும் முறையில் கழுவ வேண்டும். பெட்டியில் செபமாலையோ மாதா படமோ வைக்க விரும்பும் பெற்றோர், சிசுவின் அருகில் வைக்காமல் செவிலியரைக் கேட்டு, பெட்டிக்கு வெளியே அவர் காட்டும் இடத்தில் வைப்பார்களாக.